சலமான்காவில் ஒரு பருவம்

அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் இளங்கலைப் படிப்பின் மூன்றாம் ஆண்டையோ அதில் ஒரு பருவத்தையோ வெளிநாட்டில் கழிக்கும் வழக்கம் 1923-இல் தொடங்கியது. அந்த ஆண்டு டெலவேர் பல்கலைக்கழகம் தன் மாணவர்கள் சிலரைப் பிரான்ஸுக்கு அனுப்பிவைத்தது. மற்றக் கல்லூரிகளும் அதே வழியில் இறங்கின. ஸ்பானிய மொழி படிப்பவர்கள் ஸ்பெயினுக்குப் போனார்கள். மாட்ரிட், செவில்லா, கிரனாடா ஆகிய ஊர்களுக்கு ஆண்டுதோறும் கூட்டம் அதிகம். மொழிதான் முக்கியம் என்று நினைப்பவர்களில் பலர் சலமான்காவைத் தேர்ந்தெடுப்பார்கள்.

அதற்குக் காரணங்கள் உண்டு. சலமான்கா பல்கலைக்கழகத்தை 1218-இல் லியோன் நாட்டு அரசர் ஒன்பதாம் அல்ஃபோன்ஸோ நிறுவினார். ஸ்பெயினில் இன்றும் இயங்கும் பல்கலைக்கழகங்களில் அதுவே மிகப் பழையது. அந்தோனியோ தெ நெப்ரிஹா எழுதிய காஸ்திலிய இலக்கணம் 1492-இல் அச்சேறியதும் இந்த ஊரில்தான். ஊர் பெரிதல்ல. மேற்கு ஸ்பெயினின் மேட்டு நிலத்தில், ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில், தோர்மெஸ் ஆற்றங்கரையில் இருக்கிறது. ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்தே போய்விடலாம். பழைய கட்டடங்கள் பெரும்பாலும் பக்கத்து வில்யமயோரில் வெட்டியெடுத்த கல்லால் ஆனவை. வெட்டும்போது மென்மையாக இருக்கும் அந்தக் கல் காற்றுப்பட்டு இறுகி, காலப்போக்கில் பொன்னிறம் ஏறும்.

2003 செப்டம்பரில் விஸ்கான்சின் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து அங்கே போன ஒரு மாணவியின் பருவமும் கிறிஸ்துமஸுக்கு அவர் வீடு திரும்பியதும் இங்கே சொல்லப்படுகின்றன. பயண ஏற்பாடுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 90 நாளுக்கு மேல் தங்குவதால் மாணவர் விசா வேண்டியிருந்தது. சான்றிதழ்கள், வங்கிக் கணக்கு விவரம், காத்திருப்பு என்று கோடை கழிந்தது. செலவைப் பொறுத்தவரை அது நல்ல ஆண்டல்ல. செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு யூரோவுக்கு ஏறத்தாழ 1.10 டாலர் கொடுத்தால் போதுமாக இருந்தது. ஆண்டு முடிவதற்குள் அது 1.25 டாலரைத் தொட்டுவிட்டது. அமெரிக்க உணவகம் ஒன்றில் கோடை முழுதும் பரிமாறிச் சேர்த்த பணம் மாதாமாதம் சுருங்கிக்கொண்டே வந்தது.

மாணவர்களைத் தங்கவைக்கும் குடும்பங்கள் சலமான்காவில் ஏராளம். பல வீடுகளில் இது தலைமுறை கடந்த தொழில். அந்த மாணவிக்குக் கிடைத்தது நாலாம் மாடியில் ஒரு விதவை அம்மாளின் வீடு. பிள்ளைகள் மாட்ரிட்டில் வேலைக்குப் போய்விட, காலியான அறையை அந்த வீட்டுக்கார அம்மாள் மாணவிகளுக்குக் கொடுத்துவந்தார். அறையும் மூன்று வேளைச் சாப்பாடும் துணி துவைப்பதும் வாடகையில் அடங்கும். யூரோ நாணயம் வந்து இரண்டாம் ஆண்டு நடந்துகொண்டிருந்தது. இருந்தாலும் வீட்டுக்கார அம்மாள் மீன் விலை முதல் வாடகை வரை எல்லாவற்றையும் பழைய நாணயமான பெசேத்தாவுக்கு மாற்றிய பிறகே அது மலிவா அதிகமா என்று முடிவுசெய்வார். ஒரு யூரோவுக்கு 166.386 பெசேத்தா. அந்தக் கணக்கை அவர் காகிதமில்லாமல் மனத்திலேயே போடுவார்.

வீட்டுக்குச் சில சட்டங்கள் இருந்தன. வெறுங்காலுடன் தரையில் நடக்கக் கூடாது. சளி பிடிக்கும் என்று அதட்டல் விழும். குளியல் நீரைச் சூடாக்குவது ஆரஞ்சு நிறப் பியூட்டேன் சிலிண்டர். அதை ஆள் தோளில் சுமந்து மாடியேற்ற வேண்டும். ஆகவே தலைக்கு நுரை போடும்போது தண்ணீரை மூடிவிட வேண்டும். ரொட்டிக்குத் தனித் தட்டு கிடையாது, மேசைவிரிப்பின் மேலேயே வைத்துக்கொள்ளலாம். ரொட்டியை வீணாக்குவது மட்டும் ஆகாது. 1940-களின் பஞ்ச காலத்தில் குழந்தையாக இருந்தவர் அவர். கீழே விழுந்த துண்டை எடுத்து முத்தமிட்டுவிட்டு மேசையில் வைப்பார்.

முதல் வாரங்களில் மிகவும் கடினமாக இருந்தது சாப்பாட்டு நேரம். விஸ்கான்சினில் நண்பகல் பன்னிரண்டுக்கு மதிய உணவு, மாலை ஐந்தரைக்கு இரவு உணவு. சலமான்காவில் மதியம் இரண்டரை, இரவு ஒன்பதரை. இதை வெறும் சோம்பல் என்று வெளிநாட்டவர் சொல்வதுண்டு, அது தவறு. ஸ்பெயினின் கடிகாரத்துக்கும் சூரியனுக்கும் பொருத்தமில்லை என்பது ஒரு முக்கியக் காரணம். பிரிட்டனுக்கு நேர் தெற்கே கிடக்கும் நாடு இது. 1940 மார்ச்சில் ஃபிராங்கோ அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி, ஜெர்மனியின் நேரத்தோடு சேர்த்துவிட்டது. இரண்டாம் உலகப் போர் முடிந்த பின்னும் யாரும் அதைத் திருப்பி வைக்கவில்லை. அதனால், கோடைக்கால நேரமும் சேர்ந்து, செப்டம்பரில் சலமான்காவில் சூரியன் உச்சிக்கு வருவதே இரண்டேகால் மணிக்குத்தான். இரண்டரை மணிச் சாப்பாடு சூரியக் கணக்கில் சரியான உச்சிவேளைச் சாப்பாடு. அக்டோபர் கடைசியில் கடிகாரம் மாறுவதற்கு முந்தைய நாட்களில் காலை எட்டரை தாண்டியும் சூரியன் உதித்திருக்காது. தெருவிளக்கு வெளிச்சத்திலேயே மாணவி வகுப்புக்குப் போக வேண்டியிருந்தது.

மதியச் சாப்பாடுதான் பெரியது. முதலில் பயறு அல்லது சூப், அடுத்து மீனோ இறைச்சியோ, கடைசியில் பழம். வாரத்தில் ஒரு நாள் பருப்பும் சோரிசோவும் சேர்ந்த குழம்பு, ஒரு நாள் கொண்டைக்கடலைக் கொசீதோ. இரவுக்குப் பெரும்பாலும் உருளைக்கிழங்குத் தோர்த்தியா. உருளைக்கிழங்கை மெல்லிசாகச் சீவி, நிறைய ஆலிவ் எண்ணெயில் சின்னத் தீயில் வேகவிட்டு, வடித்து, அடித்த முட்டையில் ஊறவைத்து, வாணலியில் ஊற்றி, தட்டைக் கவிழ்த்து மூடித் திருப்பிப்போட வேண்டும். திருப்பும் இடத்தில் கை நடுங்கினால் எல்லாம் அடுப்பில். நவம்பர் வரை அந்த வேலையை வீட்டுக்கார அம்மாள் மாணவியிடம் விடவில்லை.

சாப்பிட்ட பிறகு யாரும் உடனே எழுந்திருப்பதில்லை. தட்டுகள் அப்படியே கிடக்க, ஆரஞ்சுத் தோலைக் கிள்ளிக்கொண்டே ஒரு மணி நேரம் பேச்சு ஓடும். மொழி தனக்கு வந்தது வகுப்பறையில் அல்ல, அந்த ஒரு மணி நேரத்தில்தான் என்று மாணவி இன்றும் உறுதியாகச் சொல்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வெளிநாட்டவருக்கான வகுப்புகளில் உடன் படிப்பவர்களும் வெளிநாட்டவர்களே. ஜெர்மானியர், ஜப்பானியர், பிரேசில்காரர், மற்ற அமெரிக்கர். எல்லோரும் ஒரே மாதிரி தடுமாறுவார்கள். இத்தகைய பருவங்களின் பெரிய குறை இது. ஸ்பானிய மாணவர்கள் அடுத்த கட்டடத்தில் இருந்தும் அவர்களோடு பழக வாய்ப்பு தானாக வராது. மொழிப் பரிமாற்றம் தேடுவோர் சுவரில் அறிவிப்பு ஒட்டுவார்கள். தாளின் அடிப்பகுதியைக் கத்தரித்துத் தொங்கவிட்டு, ஒவ்வொரு துண்டிலும் தொலைபேசி எண் எழுதியிருக்கும். அப்படி ஒரு துண்டைக் கிழித்ததால்தான் சட்டம் படித்த ஒரு சலமான்கா மாணவியின் நட்பு கிடைத்தது. இருவரும் வாரந்தோறும் பிளாசா மயோர் சதுக்கத்தில் கடிகாரத்தின் கீழே சந்திப்பார்கள். அந்த ஊரில் யார் யாரைச் சந்திப்பதாக இருந்தாலும் இடம் அதுதான். 1755-இல் கட்டி முடித்த அந்தச் சதுக்கத்தின் வளைவுக் கூடத்தில் நடந்தபடியே அரை மணி நேரம் ஆங்கிலம், அரை மணி நேரம் ஸ்பானியம்.

பல்கலைக்கழக முகப்புச் சிற்பங்களுக்குள் மண்டையோட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் தவளையைப் பற்றி எல்லா வழிகாட்டி நூல்களும் சொல்கின்றன. ஆனால் அந்த மாணவியை அதிகம் ஈர்த்தவை சுவர்களில் உள்ள சிவப்பு எழுத்துகள். முனைவர் பட்டம் வென்றவர்களின் பெயரை விக்டர் என்னும் கூட்டெழுத்துச் சின்னத்தோடு சுவரில் தீட்டுவது பழைய வழக்கம். அந்தக் காலத்தில் அந்தச் சாயத்தில் காளை ரத்தம் கலப்பார்களாம். மழையிலும் வெயிலிலும் கிடந்து மங்கிய நூற்றாண்டுகள் பழைய பெயர்களுக்குப் பக்கத்திலேயே புதிதாக எழுதியவையும் இருக்கும்.

அந்த இலையுதிர் காலத்துக்கென்று தனிச் செய்தி ஒன்று உண்டு. இரவு ஒன்பது மணிக்கு அரசுத் தொலைக்காட்சியில் செய்தி வாசித்தவர்களில் லெதீசியா ஓர்த்தீஸ் என்ற இளம் பெண்ணும் ஒருவர். தெளிவாக வாசிப்பார், அவர் பேச்சைப் பின்தொடர்ந்து கேட்பது மாணவிக்கு நல்ல பயிற்சியாக இருந்தது. நவம்பர் 1 அன்று அவருக்கும் பட்டத்து இளவரசர் ஃபெலிப்பேக்கும் திருமணம் நிச்சயமாகியிருப்பதாக அரண்மனை அறிவித்தது. இரவுதோறும் சாப்பாட்டு மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்த பெண் நாட்டின் வருங்கால அரசி! பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லோரும் அந்தச் சமையலறையில் கூடிவிட்டார்கள். மணமுறிவு பெற்றவர் என்பதும் அரச குடும்பத்தில் பிறக்காதவர் என்பதும் நாள்கணக்கில் விவாதமாயின. அறிவிப்பு வந்த நாள் சகல புனிதர் திருநாள். கல்லறைக்குப் பூ வைத்துவிட்டு வந்தவர்கள், பாதாம் மாவில் எலும்பு வடிவில் செய்த இனிப்பைத் தின்றுகொண்டே பேசினார்கள். அவ்வளவு வேகமான பேச்சைத் தன்னால் முழுதாகப் பின்தொடர முடிந்தது அன்றுதான் முதல் தடவை என்கிறார் மாணவி.

எல்லாப் பேச்சும் அவ்வளவு இனிதாக அமையவில்லை. ஈராக் போருக்கு எதிராக அந்த ஆண்டு பிப்ரவரியில் ஸ்பானிய நகரங்களில் பெருந்திரளான ஊர்வலங்கள் நடந்திருந்தன. பிரதமர் அஸ்னாரின் அரசு அதையும் மீறி அமெரிக்காவுக்குத் துணைநின்றது. இலையுதிர் காலத்திலும் சில பால்கனிகளில் போர் எதிர்ப்புத் துணிகள் நிறம் வெளுத்துத் தொங்கின. அமெரிக்கர் என்று தெரிந்ததும் கடைக்காரர் முதல் வகுப்பு ஆசிரியர் வரை போரைப் பற்றிக் கேட்டார்கள். பெரும்பாலும் மரியாதையாகத்தான் கேட்டார்கள், ஆனால் விடாமல் கேட்டார்கள். நவம்பர் 29 அன்று பாக்தாதுக்குத் தெற்கே ஸ்பானிய உளவுத்துறையினர் ஏழு பேர் பதுங்கித் தாக்கியவர்களால் கொல்லப்பட்டார்கள். அன்று இரவு செய்தியை வீட்டுக்கார அம்மாளும் மாணவியும் சேர்ந்து பார்த்தார்கள். தன் நாட்டைத் தாக்கிப் பேசும்போது பதில் சொல்லவும், பதில் இல்லாத இடத்தில் பேசாமல் கேட்கவும் இருபது வயதில் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தப் பாடம் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. ஆனால் அந்தப் பருவத்தில் அதைவிடப் பெரிய பாடம் வேறு இருந்ததாகத் தெரியவில்லை.

நவம்பர் நடுவில் குளிர் இறங்கியது. கட்டடத்துக்குப் பொதுவான வெப்பக் குழாய்கள் குறித்த நேரத்துக்கு மட்டுமே சூடாகும். மற்ற நேரங்களில் வீட்டில் இருப்பவர்கள் மேசா கமில்யாவைச் சுற்றி உட்காருவார்கள். அது ஒரு வட்ட மேசை. தரை வரை தொங்கும் கனத்த துணி போர்த்தியிருக்கும். கால்களுக்கிடையே உள்ள பலகையில் முன்பெல்லாம் தணல் தட்டு வைப்பார்கள். இப்போது மின் கணப்பு. துணியைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டால் இடுப்புக்குக் கீழே இதமான சூடு, மூக்கு நுனியில் குளிர். படிப்பு, தையல், தொலைக்காட்சி எல்லாம் அங்கேதான். தனியாக அறைக்குப் போனால் விறைத்துப் போகும். ஆகவே கூச்ச சுபாவமுள்ள விருந்தாளிகூட அந்த வீட்டில் ஒதுங்கியிருக்க முடியாது.

வீட்டு நினைப்பு வாட்டியதும் அந்த மாதத்தில்தான். நவம்பர் 27 அமெரிக்காவில் நன்றி நவிலும் நாள். சலமான்காவில் சாதாரண வியாழன், வகுப்பு உண்டு. அமெரிக்க மாணவர்கள் சேர்ந்து ஒரு விருந்து சமைத்தார்கள். முழு வான்கோழி கடையில் தொங்கவில்லை. சந்தையில் கோழிக் கடைக்காரரிடம் முன்கூட்டிச் சொல்லிவைக்க வேண்டியிருந்தது. வந்த பறவை வாடகை வீட்டு அடுப்புக்குள் நுழையவில்லை, வெட்டிக் கூறுபோட்டு வேகவைத்தார்கள். அன்று நள்ளிரவை ஒட்டி மாணவி தொலைபேசிக் கடைக்குப் போனார். மரத் தடுப்புகளுக்குள் தொலைபேசியும் தலைக்கு மேல் ஒரு விளக்கும். வரிசையில் எக்வடோர்காரர்களும் மொரோக்கோகாரர்களும் தங்கள் ஊர்களுக்குப் பேசக் காத்திருந்தார்கள். விஸ்கான்சினில் கடிகாரம் ஏழு மணி நேரம் பின்னால். அங்கே மாலை விருந்துக்கு மேசை போட்டுக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

டிசம்பரில் ஊர் மாறிவிடும். டிசம்பர் 6 அரசியல் சட்ட நாள். 1978 வாக்கெடுப்பின் 25-ஆம் ஆண்டு நிறைவு என்பதால் அந்த ஆண்டு சற்று விமரிசையாகவே நடந்தது. டிசம்பர் 8 அமல உற்பவத் திருநாள். அதோடு கிறிஸ்துமஸ் காலம் தொடங்கிவிடும். மளிகைக் கடைகளில் துர்ரோன் பாளம் பாளமாக வந்திறங்கும். பாதாம், தேன், சர்க்கரை, முட்டை வெள்ளைக்கருவால் ஆனது அது. அலிகாந்தே வகை பல்லுக்குக் கடினம், ஹிஹோனா வகை வாயில் கரையும். காலையில் தடித்த சாக்லேட்டில் தொட்டுத் தின்னும் சுர்ரோ, நட்சத்திர அச்சில் முறுக்கு பிழிவதுபோல் பிழிந்து எண்ணெயில் பொரித்தது.

பரிசுச் சீட்டும் அந்த மாதத்துக்குரியது. 1812-இல் காதிஸ் நகரில் தொடங்கிய கிறிஸ்துமஸ் குலுக்கல் டிசம்பர் 22 அன்று நடக்கும். சான் இல்தெஃபோன்ஸோ பள்ளிப் பிள்ளைகள் எண்ணையும் பரிசையும் பாடிச் சொல்வார்கள். சீட்டின் பத்தில் ஒரு பங்கு 20 யூரோ. அலுவலகத்தார், உறவினர், ஒரே மதுக்கடையில் காபி குடிப்பவர்கள் எனக் கூட்டுச் சேர்ந்து ஒரே எண்ணை வாங்குவார்கள். பக்கத்து வீட்டாருக்குப் பரிசு விழுந்து தனக்கு விழாமல் போகும் நிலையை யாரும் விரும்புவதில்லை. வீட்டுக்கார அம்மாள் ஒரு பங்கு வாங்கி மாணவியையும் பாதிக்குப் பாதி சேர்த்துக்கொண்டார். குலுக்கல் நாளில் மாணவி அந்த நாட்டில் இருக்கப்போவதில்லை.

இங்கே இரு நாடுகளின் கல்வி நாட்காட்டிகள் முரண்படுகின்றன. அமெரிக்கப் பருவம் கிறிஸ்துமஸுக்கு முன் முடிந்தாக வேண்டும். ஸ்பானியப் பல்கலைக்கழகத்தில் முதல் பருவத் தேர்வுகள் ஜனவரியில்தான் தொடங்கும். ஆகவே வெளிநாட்டு மாணவர்களுக்கு டிசம்பரிலேயே தனியாகத் தேர்வு வைத்து அனுப்பிவிடுவார்கள். நண்பர்கள் பாதிப் பாடத்தில் இருக்கும்போது இவர்கள் மூட்டை கட்டுவார்கள். பண்டிகையிலும் அதே கதைதான். ஸ்பெயினில் குழந்தைகளுக்குப் பரிசு வருவது ஜனவரி 6 அன்று, மூன்று அரசர்கள் வழியாக. டிசம்பர் 20 அன்று விமானம் ஏறுபவர் பண்டிகையின் வாசலிலேயே விடைபெறுகிறார்.

ஆனால் விடுமுறைக்கு ஊர் போகும் சிக்கல் ஸ்பானிய மாணவர்களுக்கும் இருந்தது. ஆண்டின் கடைசி இரவில் எல்லோரும் சொந்த ஊரில் இருப்பார்கள், படிக்கும் நண்பர்களோடு சேர்ந்து கொண்டாட முடியாது. அதனால் 1999 முதல் சலமான்கா மாணவர்கள் டிசம்பர் நடுவில் ஒரு வியாழன் இரவைப் புத்தாண்டாக வைத்துக்கொண்டார்கள். பிளாசா மயோரில் கூடி, பன்னிரண்டு மணியடிக்கும்போது, புத்தாண்டு வழக்கமான பன்னிரண்டு திராட்சைக்குப் பதில் பன்னிரண்டு ஜெல்லி மிட்டாய்களை மணிக்கு ஒன்றாக வாயில் போடுவார்கள். சட்டம் படித்த தோழி மாணவியைக் கையைப் பிடித்து அழைத்துப்போனார். முழுச் சதுக்கமும் நெருக்கியடித்தது, மூச்சு புகைபோல எழுந்தது. பன்னிரண்டாவது மணிக்குப் பின் முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் கட்டித் தழுவி வாழ்த்தினார்கள். வெளிநாட்டு மாணவர்களுக்கு வேறு எந்த இரவையும்விட இது பொருத்தமான விடையனுப்பு. அங்கே இருந்த எல்லோருமே ஊருக்குப் புறப்படுபவர்கள்தான்.

கிளம்பும் நாளன்று வீட்டுக்கார அம்மாள் கிஹுவேலோ ஹாம் ஒரு பொட்டலம் கட்டி வைத்திருந்தார். அந்த ஆண்டுகளில் ஸ்பானிய ஹாமை அமெரிக்காவுக்குள் கொண்டுபோக அனுமதி கிடையாது. அதை விளக்கியபோது அவர் நம்பவில்லை. நல்ல உணவை ஒரு நாடு தடுக்கும் என்பது அவருக்கு விளங்கவேயில்லை. ஹாம் மேசையிலேயே தங்கிவிட்டது, துர்ரோன் பெட்டிக்குள் போயிற்று. பேருந்து நிலையம் வரை அவர் கூடவே வந்தார். 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல் சாலையில் மாட்ரிட், அங்கிருந்து பராஹாஸ் விமான நிலையம், பிறகு சிகாகோ.

ஊர் வந்ததும் முதலில் உறுத்தியது வெளிச்சம். டிசம்பரில் சலமான்காவில் ஆறு மணிக்கு நெருக்கத்தில்தான் இருட்டும். விஸ்கான்சினில் நாலரைக்கே இருட்டிவிடுகிறது. ஐந்தரைக்கு இரவு உணவு மேசைக்கு வந்தது. பசியில்லை. ஒன்பதரைக்குப் பசித்தபோது வீடே தூங்கப் போய்விட்டது. காலை மூன்று மணிக்கு விழிப்பு. இது விமானப் பயணத்தின் களைப்பு, சில நாளில் சரியாயிற்று. சரியாக நாளான விஷயம் வேறு. கிறிஸ்துமஸ் முன்னிரவில் லூத்தரன் தேவாலயத்தில் மெழுகுவத்தி வழிபாடு. பிறகு பாட்டி வீட்டில் நார்வே வழி வந்த குடும்பங்களின் வழக்கப்படி உருளைக்கிழங்கு லெஃப்சே, வெண்ணெய், சர்க்கரை. எல்லாம் ஆண்டுதோறும் ஆசையோடு காத்திருந்தவையே. சாப்பிட்டு முடித்த இருபது நிமிடத்தில் தட்டுகள் கழுவும் இயந்திரத்துக்குள் போய்விட்டன, ஆளுக்கொரு பக்கம் கலைந்தார்கள். மாணவி மட்டும் மேசையிலேயே உட்கார்ந்திருந்தார். உடம்புக்கு என்ன என்று தாய் கேட்டார்.

வெளிநாடு போவோரின் மனநிலை முதலில் உயர்ந்து, பின் தாழ்ந்து, மீண்டும் உயர்வதாக 1955-இல் நார்வே ஆய்வாளர் லீஸ்கார்ட் எழுதினார். 1963-இல் கலஹார்ன் தம்பதியர் அந்த ஏற்ற இறக்கத்தைத் தாயகத்துக்கும் நீட்டி, ஊர் திரும்பியவருக்கும் அதே தாழ்வும் எழுச்சியும் உண்டு என்றார்கள். எல்லோருக்கும் அப்படியே நடக்கிறதா என்பதில் பின்வந்த ஆய்வாளர்கள் ஒருமித்துப் பேசவில்லை. இந்த மாணவியைப் பொறுத்தவரை நடந்தது. வழியனுப்பும்போது எச்சரித்த பெரியவர்கள் எல்லோரும் போகும் திசையைப் பற்றியே எச்சரித்தார்கள். திரும்பும் திசையைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. கல்லூரிகள் இதை இன்னும் கவனமாகச் செய்யலாம்.

தீர்வு கொஞ்சம் சமையலறையில் கிடைத்தது. கிறிஸ்துமஸ் முடிந்த வாரத்தில் மாணவி குடும்பத்துக்குத் தோர்த்தியா செய்தார். தட்டைக் கவிழ்த்துத் திருப்பும்போது தம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். துர்ரோன் பாளத்தைச் சுத்தியலால் உடைத்தார்கள். அன்று மேசையில் பேச்சு நீண்டது. பாட்டி தம் சிறுவயதில் வீட்டில் கேட்ட நார்வே மொழியைப் பற்றியும், அது பேரப்பிள்ளைகளுக்கு வராமல் போனதைப் பற்றியும் சொன்னார். அதற்கு முன் யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை.

ஜனவரியில் சலமான்காவிலிருந்து வீட்டுக்கார அம்மாளின் கடிதம் வந்தது. கிறிஸ்துமஸ் குலுக்கலில் முதல் பரிசு எண்ணின் கடைசி இலக்கமும் தங்கள் சீட்டின் கடைசி இலக்கமும் ஒன்றாக இருந்ததால் போட்ட 20 யூரோ திரும்பக் கிடைத்ததாம். ஸ்பெயினில் எல்லோரும் செய்வதுபோல அந்தப் பணத்துக்கு அப்படியே ஜனவரி 6 குலுக்கலில் சீட்டு வாங்கினாராம். அது போயே போய்விட்டதாம். அறைக்குப் புதிதாக ஒரு ஜெர்மன் மாணவி வருவதாகவும், வெறுங்காலுடன் நடக்காதவளாக இருக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார். பிப்ரவரியில் மதிப்பெண் பட்டியல் வந்தது. பத்துக்கு எவ்வளவு என்ற ஸ்பானியக் கணக்கை எழுத்துத் தரத்துக்கு மாற்றி, கல்லூரிப் பதிவாளர் அந்தப் பருவத்தைப் பட்டப் படிப்பில் சேர்த்துக்கொண்டார்.